பதினான்கு நிமிஷம்

நம் வீடுகளில் இரவு எல்லோரும் படுக்கப் போகும் சமயத்தில் கூடத்திலிருந்து பாட்டியின் குரல் எழும்பும். "வாசற் கதவைத் தாழ் போட்டாயிற்றா? கொல்லைக் கதவைப் பார்த்தாயா?" என்று கேட்பாள். "ஆயிற்று, பாட்டி!" என்று யாராவது பதில் சொல்வார்கள். சொன்னவர் உண்மையிலேயே எழுந்து போய்ப் பார்த்தாரா என்பது வேறு விஷயம். வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கேட்கப்படும் அந்தக் கேள்வியை ஒருவரும் பெரிதாக மதிப்பதில்லை. திருடன் வரும் நாள் இன்னதென்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தால், அன்றைக்கு மட்டும் நாம் எல்லோரும் ஓடி ஓடித் தாழிடுவோம். என்ன செய்வது? பஞ்சாங்கக்காரர்கள் அந்த உபகாரத்தை நமக்கு இன்னும் செய்யவில்லை.

இந்த வாரம் நேயர்களுக்கு நாம் சொல்லப் போவது ஒரு பெரிய பிரயாணிக் கப்பலின் கதை. கடலுக்கும் கொல்லைக் கதவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்டால் சம்பந்தம் தானே விளங்கும்.

மூழ்கிய கப்பல் என்றதும் குழந்தைகள்கூட "டைட்டானிக்" என்று சொல்லி விடுகிறார்கள். 1912-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அந்தக் கப்பல் பனிமலையில் மோதிச் சுமார் 1,500 பேருடன் அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஆழ்ந்தது. ஆனால் அதற்கு இரண்டு வருஷங்களுக்குப் பிறகு இன்னொரு கப்பல் 1,012 பேருடன் மூழ்கிற்று. சிப்பந்திகளை விட்டுப் பிரயாணிகளை மட்டும் எண்ணினால், டைட்டானிக்கில் மாண்ட பிரயாணிகளைக் காட்டிலும் இதில் மாண்டவர்களே அதிகம் என்று கணக்கிட்டவர்கள் உண்டு. அப்படியிருந்தும் அந்தக் கப்பலின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? "எம்பிரஸ் ஆப் அயர்லாந்து" என்பது அதன் பெயர். அயர்லாந்தின் சக்கரவர்த்தினி என்று அர்த்தம். அயர்லாந்து தேசத்துக்கென்று தனியாக ஒரு சக்கரவர்த்தினி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கப்பல் கம்பெனியார் பெயர் சூட்டுவதற்கு அதெல்லாம் ஒரு தடையாகுமா?

ஸ்காட்லாந்தில் கிளைட் நதிக்கரையிலுள்ள கோவன் என்னும் ஊரில், பேர்பீல்டு கப்பல் தொழிற்சாலையில் அது கட்டப்பட்டது. 1906-ம் வருஷம் ஜனவரி 27-ந் தேதி நீரில் இறங்கிற்று. அதன் நீளம் 570 அடி. கொள்ளளவு 14,191 டன். இரண்டு புகைபோக்கிகள், இரண்டு சுழல் விசிறிகள், மணிக்கு 18 கடல் மைல் வேகம். கனேடியன் பஸிபிக் ரயில்வே கம்பெனியார் அதை இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்கும் கனடாவுக்கும் இடையே ஓட்டி வந்தார்கள். புது நாட்டில் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட ஏழை எளியவர்கள், எட்டு வருஷ காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், அந்தக் கப்பலில் ஏறிக் கனடாவில் போய் இறங்கினார்கள். கனடாவிலுள்ள எத்தனையோ குடும்பங்களில், "எங்கள் பாட்டனார் வந்தது எம்பிரஸ் கப்பலில்" என்று சொல்லும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

டைட்டானிக் விபத்து நடந்த பிறகு உலகம் ஒரு பாடத்தைக் கற்றுக் கொண்டது. அந்தக் கப்பலில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்குத்தான் இடம் இருந்தது. "படகு போதாமையால் அல்லவா இத்தனை பேர் இறந்தார்கள்?" என்று எல்லாத் தேசத்துப் பத்திரிகைகளும் கூக்குரல் எழுப்பின. 1914-ம் வருஷம் ஜனவரியில் பல தேசங்களின் பிரதிநிதிகள் லண்டனில் கூடி, கடற் பிரயாணிகளின் பாதுகாப்புக்கென்று ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதற்கு முன்பே கப்பல் கம்பெனிகள் விழித்துக் கொண்டு படகுகளைச் சேர்க்கத் தொடங்கி விட்டன. எம்பிரஸ் கப்பலிலும் 16 எஃகுப் படகுகளும், அவற்றுக்கு மேல் மடக்குப் படகுகளும் வைக்கப்பட்டிருந்தன. ஏறியிருந்த அத்தனை பேருக்கும் இடம் கொடுத்த பின்னும் மிச்சம் இருக்கக்கூடிய அளவு படகுகள்! ஆகவே, இனிப் பயமில்லை என்று கம்பெனியார் நினைத்தார்கள். பிரயாணிகளும் நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

1914-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி, வியாழக்கிழமை மாலை சுமார் நாலரை மணிக்கு, கனடாவின் க்யூபெக் துறைமுகத்திலிருந்து எம்பிரஸ் புறப்பட்டது. அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும் 96-வது யாத்திரை அது. கப்பலில் இருந்தவர்கள் மொத்தம் 1,477 பேர். அவர்களில் சிப்பந்திகள் 420 பேர். முதல் வகுப்பில் 87 பேர், இரண்டாம் வகுப்பில் 253 பேர், மூன்றாம் வகுப்பில் 717 பேர் பிரயாணம் செய்தார்கள். ரட்சணிய சேனை என்னும் கிறிஸ்தவ ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஒரு பெருங் கூட்டத்தார், லண்டனில் நடக்கவிருந்த தங்கள் மகாநாட்டுக்காக வாத்தியக் கோஷ்டியுடன் ஏறியிருந்தார்கள். புகழ் பெற்ற நாடக நடிகர் ஸர் ஹென்றி இர்விங்கின் புதல்வரும் தாமே சிறந்த நடிகருமான லாரன்ஸ் இர்விங் தம் மனைவியுடன் ஏறியிருந்தார். கப்பல் கரையை விட்டு நகர்ந்தபோது ரட்சணிய சேனையின் வாத்தியக்காரர்கள் பிரிவுபசார கீதம் வாசித்தார்களாம். கரையில் நின்றவர்கள் கைக்குட்டையை வீசினார்கள். வழக்கமாக நடப்பவைதான் எல்லாம்.

கப்பலின் தலைவர் ஹென்றி கெண்டல் என்பவர். அந்தப் பெயரை அக்காலத்தில் உலகமே அறிந்திருந்தது. 1910-ல் கிரிப்பன் என்னும் வைத்தியன் லண்டனில் தன் மனைவியைக் கொலை செய்து விட்டு, மாறு வேஷத்தில் கனடாவுக்கு ஓடினான். அவன் ஏறிய "மான்ட்ரோஸ்" என்னும் கப்பலுக்கு அப்போது காப்டன் இந்தக் கெண்டல்தான். பிரயாணியின் முகத்தைப் பார்த்துச் சந்தேகம் கொண்டு, கம்பியில்லாத் தந்தி மூலம் போலீஸாருக்குத் தகவல் அனுப்பினார். துப்பறியும் அதிகாரி வேகமான வேறொரு கப்பலில் முந்திச் சென்று, செயிண்ட் லாரன்ஸ் நதியின் கரையிலுள்ள பாதர் பாயிண்ட் என்னும் இடத்தின் அருகே கிரிப்பனைக் கைது செய்தார். கம்பியில்லாத் தந்தியின் உதவியால் ஒரு கொலைகாரன் பிடிபட்டது அதுவே முதல் தடவை. பாதர் பாயிண்ட் என்ற அந்தப் பெயரை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். கெண்டலின் வாழ்க்கையில் அது மறுபடியும் குறுக்கிட்டது. எம்பிரஸ் கப்பலின் தலைமை அவருக்குக் கிடைத்தும் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

க்யூபெக் துறைமுகம் கடற்கரையில் இருப்பதன்று. அங்கிருந்து செயிண்ட் லாரன்ஸ் நதி வழியாக வெகு தூரம் சென்றுதான் சமுத்திரத்தை அடைய வேண்டும். நதி என்றதும் நம் காவேரியையோ தாமிரபரணியையோ எண்ணிக் கொள்ளக் கூடாது. பாதர் பாயிண்ட் அருகே அதன் அகலம் சுமார் 30 மைல்! பேருக்குத்தான் நதி, பார்வைக்குக் கடல். மே மாதக் கடைசியிலும் அதன் ஜலம் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருக்கும். நதியில் வழி காட்டி அழைத்து வரும் பைலட், பாதர் பாயிண்டில் கப்பலை விட்டு இறங்கி விடுவது வழக்கம். அன்றும் நள்ளிரவுக்குப் பின் சுமார் ஒன்றரை மணிக்கு அவர் இறங்கினார். பிரயாணிகள் கப்பலில் ஏறிப் பத்து மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. எந்தப் படிக்கட்டு எங்கே போகிறதென்று கூடப் பலர் அறிந்து கொள்ளாமலே படுத்துத் தூங்கிப் போனார்கள்.

எதிர்த் திசையில், "ஸ்டார்ஸ்டாட்" என்னும் நார்வே தேசத்துக் கப்பல் பதினாயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றிக் கொண்டு மான்ட்ரியல் நகரை நோக்கி வந்து கொண்டிருந்தது. அதன் காப்டன் தாமஸ் ஆண்டர்சன் தம் அறையில் நித்திரை செய்தார். மேல் தட்டில் காவலிருந்தவர் முதல் அதிகாரி ஆல்பிரெட் டாப்ட்னெஸ். அந்தக் கப்பலின் உடற்கட்டில், எஃகு உத்தரங்கள் முகப்பிலிருந்து பின்புறம் வரை நீளவாட்டில் ஓடும்படி அமைந்திருந்தன. இதனால் அதன் முகப்பு ஓர் உளியைப்போல் உறுதி பெற்றிருந்தது. நிலக்கரிச் சுமையோ அந்த உளியின் பின்னால் ஓங்கிய சம்மட்டியாக இருந்தது.

இரவில் கப்பல்கள் ஒன்றையொன்று எப்படி அறிந்து கொள்கின்றன? ஒவ்வொரு கப்பலுக்கும் வலது பக்கத்தில் பச்சை விளக்கும், இடது பக்கத்தில் சிவப்பு விளக்கும் உண்டு. பாய்மரத்தின் மேல் வெள்ளை விளக்குகள் உண்டு. எதிரே வரும் கப்பலின் எந்த விளக்கு தெரிகிறதோ, அதைக் கொண்டு அது எந்தப் பக்கமாகப் போகிறதென்று தீர்மானிக்கலாம். அன்றிரவு இரண்டு கப்பல்களும் பல மைல் தூரத்திலேயே ஒன்றையொன்று பார்த்து விட்டன. ஆகாயம் தெளிவாயிருந்தது. அவசரம் ஒன்றுமில்லை. அந்தச் சமயத்தில் கரையிலிருந்து மூடுபனி மெல்ல நகர்ந்து வந்து, இரண்டுக்கும் நடுவில் திரை விட்டாற் போல் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது என்ன? இங்கேதான் ஒரு கதை இரண்டு கதையாகப் பிரிகிறது. கெண்டல் சொன்னது: "அந்தக் கப்பல் எனக்கு வலது புறத்தில் இருந்தது. பச்சைக்குப் பச்சையாக, வலப்புறமாகவே ஒருவரையொருவர் கடந்து போகும்படி நான் வழியைத் திருத்திக் கொண்டேன். பனி மூடியதும் இயந்திரங்களைப் பின்னோக்கிச் சுழல விட்டுக் கப்பலை நிறுத்தினேன். நின்று விட்டேன் என்பதற்கு அடையாளமாகச் சங்கும் ஊதினேன்." நார்வேக்காரர்கள் சொன்னது: "எங்கள் கண்ணுக்கு எம்பிரஸின் சிவப்பு விளக்குத் தெரிந்தது. ஆகையால் இடப்புறமாகக் கடக்கப் போகிறதென்று நினைத்தோம்." டாப்ட்னெஸ், எம்பிரஸ் தமக்கு இடது புறத்தில் இருப்பதாக எண்ணி, அதை விட்டு இன்னும் விலகிப் போவதற்காகக் கப்பலை வலப்புறம் திருப்பும்படி செய்தார். விலகிப் போவதற்காகத் திருப்பிய சுக்கான், நேரே கொண்டுபோய் மோத வைத்தது!

மே 29-ந் தேதி, வெள்ளிக்கிழமை, விடியற்காலம் 2 மணிக்குச் சில நிமிஷம் இருக்கையில், பனித் திரையைக் கிழித்துக் கொண்டு ஸ்டார்ஸ்டாட்டின் முகப்பு கெண்டலின் கண்ணெதிரே தோன்றிற்று. இரண்டு புகைபோக்கிகளுக்கும் இடையே, எம்பிரஸின் வலது விலாவில், நீர் மட்டத்துக்குக் கீழேயும் ஆழமாக அது புகுந்து விட்டது. மோதிய சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை என்று பிழைத்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். கெண்டல் ஒலிபெருக்கும் குழலை வாயில் வைத்து, "பின்வாங்காதீர்கள்! முன்னோக்கியே இயந்திரத்தை ஓட்டுங்கள்!" என்று கத்தினார். குத்திய கத்தியைப் பிடுங்காமல் இருந்தால் ரத்தம் பெருகாதல்லவா? ஆனால் ஸ்டார்ஸ்டாட் நிலைத்து நிற்க முடியாமல் விலகிப் பனிக்குள் மறைந்தது. திறந்த காயத்தின் வழியாகச் செயிண்ட் லாரன்ஸ் நதி உள்ளே பிரவேசித்தது.

இந்த இடத்தில்தான் நம் பாட்டியின் கேள்வி வருகிறது.

பெரிய கப்பல்களின் அடிப்பாகத்தைக் குறுக்குச் சுவர்கள் எழுப்பித் தனித் தனி அறைகளாகப் பிரித்திருப்பார்கள். எம்பிரஸில் அத்தகைய சுவர்கள் பத்து இருந்தன. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அடுத்த அறைக்குப் போகாமல் அந்தச் சுவர் தடுக்கும். சில அறைகள் நிரம்பினாலும் கப்பல் மிதக்கும் என்பது கட்டியவர்களின் கணக்கு. ஆனால் வேலைக்காரர்கள் போய் வருவதற்காக அந்தச் சுவர்களில் கதவுகள் வைக்க வேண்டியிருந்தது. அவை நீர் புகாத கதவுகள். எம்பிரஸில் 24 இருந்தன. அவற்றை ஒரே இடத்திலிருந்து ஒரே விசையால் மூடும் ஏற்பாடு அந்தக் கப்பலில் இல்லை. ஆட்கள் ஓடிச் சென்று, ஒவ்வொன்றையும் கையினால் திருகி மூட வேண்டும். பகலில், நிதானமாக, கப்பல் நேராக நிற்கும்போது செய்து பழகிய காரியந்தான். நள்ளிரவில், கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொண்டிருக்கும்போது, முழங்கால் தண்ணீரில் நின்று அதைச் செய்வது எப்படி? கதவுகளை மூடும்படி கெண்டல் கட்டளையிட்டார். கட்டளை போயிற்று, பல கதவுகள் மூடப்படவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பிரயாணிகளின் அறைகளில் காற்று வருவதற்காக வட்டமான சிறு ஜன்னல்கள் இருந்தன. கப்பல் நகரும்போது கீழ்த் தட்டிலுள்ள ஜன்னல்களை மூடி வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நதிதானே, அலை இல்லையே, காற்று வரட்டும் என்று எத்தனையோ பேர் அவற்றைத் திறந்தே வைத்திருந்தார்கள். அவற்றில் பல நீர் மட்டத்துக்குச் சில அடி உயரத்திலேயே இருந்தவை. கப்பல் வலப்புறம் சாயத் தொடங்கியதும், அத்தனை ஜன்னல்கள் வழியாகவும் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. ஸ்டார்ஸ்டாட் போட்டது ஒரு துவாரம். தூக்கத்துக்குக் காற்றுத் தேடிய சாதாரண மனிதர்கள், தங்களை அறியாமலே பல துவாரங்களைப் போட்டு வைத்திருந்தார்கள்.

கரையை நோக்கி ஓட்டித் தரை தட்ட வைக்கலாம் என்று கெண்டல் முயன்றார். கொதிகலன் அறைகளில் தண்ணீர் நிறைந்து, நீராவி இல்லை. சில நிமிஷங்களில் மின்சார விளக்குகள் எல்லாம் அணைந்தன. கம்பியில்லாத் தந்தி நிலையத்தில் இருந்த இரண்டு இளைஞர்கள் மட்டும், விளக்கு அணைவதற்கு முன்னால் பாதர் பாயிண்டுக்கு அபாயச் செய்தியை அனுப்பி விட்டார்கள். அங்கிருந்து "யுரேகா", "லேடி ஈவிலின்" என்ற இரண்டு சிறு கப்பல்கள் விரைந்தன. அவை வந்து சேர்ந்தபோது தண்ணீரின் மேல் எம்பிரஸ் இல்லை.

படகுகள் என்ன ஆயின? டைட்டானிக்கின் பாடத்தைக் கற்றுச் சேர்த்து வைத்த படகுகள்! கப்பல் வலப்புறம் சாய்ந்தபடியால் இடப்புறப் படகுகள் வெளியே தொங்காமல் உட்பக்கமாகத் தளத்தின் மேல் சரிந்தன. சில, தளத்தில் நின்றவர்கள் மீதே உருண்டு அவர்களை நசுக்கின. வலப்புறத்தில் நாலைந்து படகுகளைத்தான் இறக்க முடிந்தது. மற்றப் படகுகள் எல்லாம், ஏற வேண்டியவர்களோடு சேர்ந்து அடியாழத்துக்குப் போயின. கப்பல் முழுதும் பக்கவாட்டில் படுத்து விட்டபோது, நூற்றுக்கணக்கானவர்கள் அதன் விலாப்புறத்தின் மீது ஏறி, மணற்கரையில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார்களாம். கரை தட்டி விட்டது, பிழைத்தோம் என்று அவர்களில் சிலர் எண்ணினார்கள். இரண்டொரு நிமிஷந்தான், பிறகு அந்தக் கரையும் அவர்களுடைய காலின் கீழ் அமிழ்ந்தது. மோதியதிலிருந்து மூழ்கியது வரையில் மொத்தம் 14 நிமிஷம். டைட்டானிக் மூழ்குவதற்கு 2 மணி 40 நிமிஷம் ஆயிற்று. டைட்டானிக்கில் நேரம் இருந்தது, படகு இல்லை. எம்பிரஸில் படகு இருந்தது, நேரம் இல்லை.

ஸ்டார்ஸ்டாட் ஓடிப் போய் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூக்குரல் கேட்ட திசையில் திரும்பி வந்து, தன் படகுகளை இறக்கி, குளிர்ந்த நீரில் தத்தளித்தவர்களை அது வாரி எடுத்தது. பிழைத்தவர்களில் பெரும் பகுதியார் அந்தக் கப்பலாரின் முயற்சியாலேயே பிழைத்தார்கள். காப்டன் ஆண்டர்சனின் மனைவி அதில் இருந்தாள். கப்பலிலிருந்த உடையையும் போர்வையையும் கொடுத்து, வந்தவர்களை அவள் பராமரித்தாள். மேல் தட்டிலிருந்து நீரில் எறியப்பட்ட கெண்டலும் ஒரு படகில் ஏற்றப்பட்டு, மற்றவர்களைத் தேடி எடுப்பதில் ஈடுபட்டார். கடைசியில் ஸ்டார்ஸ்டாட்டில் ஏறி அதன் காப்டனைச் சந்தித்து, "நீர் என் கப்பலை மூழ்கடித்தீர்" என்று குற்றம் சாட்டினார். குற்றம் தம்முடையதல்ல என்று அவர் மறுத்தார். அந்த வழக்கு அங்கேயே தொடங்கி விட்டது.

பொழுது விடிந்து கணக்கெடுத்தபோது 465 பேர் உயிருடன் இருந்தார்கள். சிப்பந்திகளில் 420 பேருக்கு 248 பேர் பிழைத்தனர். பிரயாணிகளில் 1,057 பேருக்கு 217 பேர்தான். இதைக் கொண்டு சிப்பந்திகளைப் பழிப்பது நியாயமாகாது. அவர்களில் பலர் விழித்திருந்தார்கள். இருட்டிலும் அவர்களுக்கு வழி தெரிந்திருந்தது. பிரயாணிகளோ தூங்கினார்கள், எழுந்தவர்களுக்கும் வழி தெரியவில்லை. மூன்றாம் வகுப்பில் 717 பேரில் 133 பேர் மட்டுமே மீண்டனர். லாரன்ஸ் இர்விங்கும் அவர் மனைவியும் மாண்டார்கள். ரட்சணிய சேனையின் வாத்தியக் கோஷ்டியில் பெரும்பாலோர் மாண்டார்கள். கப்பலில் இருந்த குழந்தைகள் 138 பேர். கரை சேர்ந்தவர்கள் 4 பேர். அந்த நால்வரில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். வாத்தியக் கோஷ்டித் தலைவரின் மகள். தாய் தந்தை இருவரையும் அன்று பறிகொடுத்தாள். பிழைத்தவர்கள் எல்லோரிலும் கடைசியாக, 1995-ல், அந்தப் பெண் காலமானாள்.

விசாரணைக் கமிஷன் ஜூன் 16-ந் தேதி க்யூபெக் நகரில் கூடிற்று. தலைமை வகித்தவர் மெர்ஸி பிரபு. டைட்டானிக்கைப் பற்றி இங்கிலாந்தில் நடந்த விசாரணைக்கும் அவரே தலைவர். பனி மூடிய பின் கப்பலின் திசையை மாற்றியது டாப்ட்னெஸின் பிசகு, பனி வந்தால் எழுப்பும்படி காப்டன் சொல்லியிருந்தும் உடனே எழுப்பாதது மற்றொரு பிசகு என்று ஜூலை 11-ந் தேதி கமிஷன் தீர்ப்புக் கூறிற்று. கெண்டல் இன்னும் சற்று அதிகமாக ஒதுங்கிப் போயிருக்கலாம் என்றும் சொல்லிற்று. நார்வேக்காரர்கள் தாங்களே நடத்திய விசாரணையில் தங்கள் அதிகாரிகளைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, பழியைக் கெண்டலின் மேல் சுமத்தினார்கள். யார் சொன்னது சரி என்பதைப் பற்றி நூல்கள் எழுதியவர்கள் இன்று வரையில் தர்க்கம் செய்து வருகிறார்கள். நாம் அந்த வழக்கில் நீதிபதியாக அமரப் போவதில்லை. பொய் சொல்லாத இரண்டு பேர், ஒரே இரவில் ஒரே விளக்கைப் பார்த்து, இரண்டு விதமாகக் கண்டிருக்க முடியும் என்பது நமக்குப் போதும். பனிக்குள் இருந்தவர்கள் இருவரும் மனிதர்கள்.

நமக்கு முக்கியமாகத் தோன்றுவது, குற்றத் தீர்ப்போடு கமிஷன் கூறிய மூன்று யோசனைகள். மூடுபனிக் காலத்தில் நீர் புகாத கதவுகளையும் ஜன்னல்களையும் மூடி வைப்பது நல்லது. பொழுது சாய்ந்ததும் ஜன்னல்களை மூடியே தீர வேண்டும் என்பது ஒன்று. கப்பல் மூழ்கினால் தானாகவே மிதக்கக்கூடிய தெப்பங்களைத் தளத்தில் வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. வரும் கப்பலும் போகும் கப்பலும் ஒன்றையொன்று குறுக்கிடாதபடி, பைலட்டுகள் ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் வெவ்வேறாக அமைக்க வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றில் முதல் யோசனையை நிறைவேற்றப் புதிய யந்திரம் வேண்டாம். பெரும் பணம் வேண்டாம். வேண்டியதெல்லாம், ஆபத்து வருவதற்கு முன்பே எழுந்து போய்க் கதவைத் தாழிடும் மனிதன் ஒருவன்தான். கதவுகள் எல்லாம் மூடியிருந்தால் எம்பிரஸ் மூழ்கியிருக்காது என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இன்னும் சிறிது நேரம் மிதந்திருக்கலாம். சிறிது நேரம் என்பதுதானே அன்றைக்கு எல்லாம்!

இவ்வளவு பெரிய விபத்தை உலகம் மறந்தது எப்படி? எம்பிரஸ் மூழ்கிய அடுத்த மாதம், ஜூன் 28-ந் தேதி, ஸராஜீவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பா முழுதும் தீப்பற்றிக் கொண்டது. தினந்தோறும் ஆயிரம் ஆயிரமாக மனிதர்கள் மடியத் தொடங்கிய பின்னர், ஒரு நதியின் அடியில் கிடந்த 1,012 பேரை யார் நினைப்பார்கள்? லண்டனில் கையெழுத்தான கடற் பாதுகாப்பு உடன்படிக்கைகூட, யுத்தத்தின் காரணமாக அமுலுக்கு வராமலே போயிற்று. மோதிய ஸ்டார்ஸ்டாட்டையும் யுத்தம் விடவில்லை. 1917 மார்ச்சில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதை அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. கெண்டல் நீண்ட காலம் வாழ்ந்து 1965-ல் காலமானார்.

1914-ம் வருஷக் கோடையிலேயே முக்குளிப்பவர்கள் இறங்கி, எம்பிரஸிலிருந்த வெள்ளிக் கட்டிகளையும் தபால் பைகளையும் வெளியே கொண்டு வந்து விட்டார்கள். அந்த வேலையில் ஒருவர் உயிரிழந்தார். பிறகு ஐம்பது வருஷ காலம் கப்பல் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1964-ல் கனடாவைச் சேர்ந்த சில முக்குளிப்பவர்கள் அதை மறுபடியும் கண்டுபிடித்தார்கள். சுமார் 130 அடி ஆழத்தில், வலப்புறமாகச் சாய்ந்தபடியே அது இன்றும் கிடக்கிறது. 2009-ல் கனடா அரசாங்கத்தார் அந்த இடத்தைத் தேசியச் சரித்திரச் சின்னமாக அறிவித்தார்கள். பாதர் பாயிண்டில் இப்போது அந்தக் கப்பலுக்கென்று ஒரு பொருட்காட்சி சாலையும் இருக்கிறது.

நேற்று வந்த ஆபத்துக்கு இன்று மருந்து தேடுவது மனித சுபாவம். டைட்டானிக்கில் படகு போதவில்லை என்று கண்டார்கள்; படகுகளைச் சேர்த்தார்கள். அது நல்ல காரியந்தான். ஆனால் படகு கண்ணுக்குத் தெரியும் பொருள். எண்ணிப் பார்த்துத் திருப்தி அடையலாம். விளம்பரத்தில் படம் போடலாம். மூடிய ஜன்னலையும் தாழிட்ட கதவையும் யார் படம் பிடிப்பார்கள்? அவற்றால் காற்று வரவில்லையே, போக வர அசௌகரியமாயிருக்கிறதே என்று முணுமுணுப்பவர்கள்தான் உண்டு. ஆயிரம் இரவுகளில் அந்தக் கதவு வீணாக மூடியிருந்ததாகத் தோன்றும். ஆயிரத்தோராவது இரவு எது என்பது யாருக்குத் தெரியும்?

ஆகவே நேயர்களே, இன்றிரவு கூடத்திலிருந்து அந்தக் குரல் எழும்பும்போது, படுத்த இடத்திலிருந்தே "ஆயிற்று, பாட்டி!" என்று சொல்லி விட வேண்டாம். ஒரு நடை எழுந்து போய்ப் பார்த்து விட்டு வந்து சொல்லுங்கள். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.